காதுச் சவ்வு ஒட்டிய கதை: ஒப்பரேஷனும் பிறகு வந்த மூன்று மாதமும்

எனக்கு ஏழு வயதில் தொடங்கியது. இடது காது ஒழுகும், நிற்கும், மறுபடி ஒழுகும். மாரி காலத்தில் தடிமன் பிடித்தால் போதும், அடுத்த நாள் காலை தலையணை உறையில் மஞ்சள் கறை இருக்கும். அம்மம்மா உள்ளியைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி, இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு விடுவார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் சவ்வில் ஓட்டை உள்ள காதுக்குள் எண்ணெயோ தண்ணீரோ போகவே கூடாது என்று எனக்குத் தெரிய வந்தபோது வயது 34.

அப்பா தவறி 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்காகத் திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். ஏழு கிணற்றிலும் அள்ளித் தலையில் ஊற்றினோம். அடுத்த இரண்டு கிழமையும் காது நிற்காமல் ஒழுகியது. இதற்கு முதலும் அப்படி ஒழுகியிருக்கிறதே என்று அதையும் விட்டுவிட்டேன்.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. வகுப்பில் என் மேசையை இடப்பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன், பிள்ளைகள் எல்லாரும் வலப்பக்கம் இருப்பார்கள். யோசித்துச் செய்ததல்ல, வருடக்கணக்கில் அப்படியே ஆகிவிட்டது. ஒருநாள் ஒரு சிறுமி இடப்பக்கமாக வந்து நின்று, “ரீச்சர், வயிறு நோகுது” என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. அவள் விம்மி அழுவதை மற்றப் பிள்ளைகள் காட்டித்தான் திரும்பினேன். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த கிழமை காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குப் போனேன்.

டொக்டர் நுணுக்குக்காட்டியால் பார்த்து, உள்ளே இருந்த சீழைச் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்தார். பிறகு ஒரு தாளில் படம் கீறி விளங்கப்படுத்தினார். செவிப்பறை என்ற அந்தச் சவ்வு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் அகலம், தடிப்பு 0.1 மில்லிமீற்றர்தான். எனக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. சில பேருக்குத் தோல் உள்பக்கமாக வளர்ந்து காது எலும்புகளை அரிக்குமாம். அப்படியானவர்கள் தள்ளிப்போடவே கூடாது, அது மூளை வரைக்கும் ஆபத்துத் தரும் என்றார். எனக்கு அது இல்லை என்று கேட்டபோது தெய்வமே என்றிருந்தது. ஒழுகும் காதோடு வீட்டில் இருப்பவர்கள் இதற்காகவாவது ஒருமுறை காட்ட வேண்டும். வெளியில் இருந்து பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கேட்டல் சோதனை ஒரு சின்ன அடைத்த அறையில் நடந்தது. ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமத்த வேண்டும். இடது காதுக்கு 45 டெசிபல் என்று வந்தது. 25க்குள் இருந்தால் நல்ல காது. ஆனால் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு கருவியை வைத்து ஒலி கொடுத்தபோது எனக்கு நன்றாகக் கேட்டது. “நரம்பு நல்லா இருக்கு, சத்தம் போற வழிதான் உடைஞ்சிருக்கு. அதைத் திருத்தலாம்” என்றார் டொக்டர்.

ஓட்டையை அடைக்கும் சத்திரசிகிச்சைக்குக் காது சில கிழமையாவது உலர்ந்திருப்பது நல்லது. முதல் திகதி மார்கழியில் கிடைத்தது. வாடைக்காற்றோடு வந்த தடிமனில் காது மறுபடி ஒழுக, அந்தத் திகதி போய்விட்டது. அடுத்தது வைகாசியில். அந்த ஐந்து மாதமும் தலை முழுகும் ஒவ்வொரு தடவையும் பஞ்சில் வஸ்லின் தடவிக் காதை அடைத்தேன். கடல் பக்கம் போகவே இல்லை.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் மாலை வார்டில் சேர்ந்தேன். காதுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு முடியை வழித்தார்கள். நடுச்சாமத்துக்குப் பிறகு சாப்பாடு இல்லை. கையெழுத்து வாங்க முதல் டொக்டர் எதையும் மறைக்கவில்லை. நூற்றில் எண்பது தொண்ணூறு பேருக்கு ஒட்டிவிடும், மற்றவர்களுக்குத் திரும்பவும் செய்ய வேண்டி வரலாம். முகத்தை அசைக்கும் நரம்பு நடுக்காதின் வழியாகத்தான் போகிறது, அதில் பிழை வருவது மிகவும் அரிது, ஆனாலும் சொல்லியாக வேண்டும் என்றார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இவர் இவ்வளவையும் சொல்கிறாரே என்ற நம்பிக்கையில் கையெழுத்து வைத்தேன்.

தியேட்டர் விளக்கைப் பார்த்தது ஞாபகம். அடுத்த ஞாபகம் ஒரு தாதி மிஸ்ஸின் குரல்: “தங்கச்சி, சிரியுங்கோ பாப்பம். கண்ணை இறுக்கி மூடுங்கோ. சரி, நல்லது.” அந்த முக நரம்பைத்தான் சோதிக்கிறார்கள் என்று அரைமயக்கத்திலும் விளங்கியது. தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. அன்று முழுக்கத் தலைசுற்றும் ஓங்காளமும். வலி நான் நினைத்த அளவு இல்லை, பனடோலோடு சமாளிக்க முடிந்தது.

செவிப்பறைக்கு ஒட்டுப்போட எடுத்தது என் உடம்பில் இருந்துதான். காதுக்கு மேலே, நாம் சப்பும்போது அசையும் தசை இருக்கிறதே, அதன் மேலுள்ள மெல்லிய உறையில் ஒரு துண்டு. அதைப் பழைய சவ்வின் உள்பக்கமாக வைத்து, தானாகக் கரையும் ஒருவகைப் பஞ்சால் தாங்குகொடுப்பார்கள். அதனால்தான் வாயைத் திறந்து சப்பும்போதெல்லாம் கன்னப்பொறி இழுத்தது. ஒரு கிழமை இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் சத்திரசிகிச்சைக்கு ஒரு சதமும் போகவில்லை. வெளியில் வாங்கிய சொட்டு மருந்தும் ஓட்டோக் காசும்தான் செலவு. ஒப்பரேஷனைப் பற்றி எனக்கு எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லை. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

காதுக்குள் மருந்து தோய்த்த மஞ்சள் நாடா அடைத்திருந்தார்கள். அது இரண்டு கிழமை உள்ளேயே இருக்கும். அந்த நாட்களில் அந்தக் காதால் முன்பு கேட்டதுகூடக் கேட்காது. என் இதயத் துடிப்பும் இடைக்கிடை ‘டப்’ என்று ஏதோ வெடிப்பதும்தான் கேட்டது. காதின் மேல்பாதி மரத்துப்போயிருந்தது. அங்கே உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கானது. தேத்தண்ணி குடித்தால் நாக்கின் இடப்பக்கம் காசுக்குற்றியை வைத்ததுபோல ஒரு ருசி. சுவை நரம்பொன்று செவிப்பறைக்குப் பின்னால் குறுக்கே போகிறதாம், சத்திரசிகிச்சையில் அது கொஞ்சம் இழுபட்டிருக்கும் என்றார்கள். ஆறு கிழமையில் சரியாகிவிட்டது. முன்கூட்டித் தெரியாவிட்டால் இவை ஒவ்வொன்றும் ஆளைப் பயமுறுத்தும். உண்மையில் பயந்து ஓடவேண்டியது வேறு: முகம் ஒருபக்கம் கோணினால், வாந்தியோடு உலகம் சுழன்றால், காய்ச்சலோடு சீழ் வந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரிய கட்டுப்பாடு மூக்குத்தான். காதுக்கும் மூக்கின் பின்பக்கத்துக்கும் இடையில் ஒரு குழாய் உண்டு. மூக்கைச் சீறினால் காற்று அதன் வழியே ஏறி, ஒட்டிய துண்டைத் தள்ளிவிடும். நான்கு கிழமைக்கு மூக்குச் சீறக்கூடாது, தும்மல் வந்தால் வாயை ஆவென்று திறந்து தும்ம வேண்டும். எங்கள் ஊரில் அது கச்சான் காற்று அடிக்கும் காலம். புழுதி வீட்டுக்குள் வரும், ஒருநாளைக்கு இருபது தும்மல். தம்பி ஒவ்வொரு பின்னேரமும் முற்றம் முழுக்கத் தண்ணீர் தெளித்தான், யன்னலில் ஈரச் சீலை கட்டினான். ஒருநாள் இரவு அரை நித்திரையில் வாய் மூடியபடி தும்மிவிட்டு, ஒட்டு போய்விட்டது என்று விடியும்வரை அழுதேன். போகவில்லை.

தலைமுடி அடுத்த பாடு. வெக்கைக்கு வியர்த்து, எண்ணெய் பிடித்து, தையல் பிரிக்கும்வரை தண்ணீர் படாமல் கிடந்தது. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். அதற்குப் பிறகு மச்சாள் ஒரு வழி கண்டுபிடித்தா. என்னை வாங்கில் மல்லாக்கப் படுக்கவைத்து, காது வாசலில் வஸ்லின் பஞ்சை வைத்து, அதன் மேல் ஒரு பிளாஸ்ரிக் கோப்பையைக் கவிழ்த்துத் தானே பிடித்துக்கொண்டா. “ஆடாதேங்கோ மச்சாள், ஒரு சொட்டும் போகாது” என்று சொல்லிச் சொல்லி மற்றக் கையால் முடியைக் கழுவினா. நீண்ட முடி உள்ள பெண்கள் ஒப்பரேஷனுக்கு முதலே இப்படி உதவிக்கு ஒருவரை ஒழுங்குபண்ணி வையுங்கள். தண்ணீர் வாளி தூக்குவதும் குனிந்து கூட்டுவதும் அந்த நாட்களில் கூடாது.

நாடாவை எடுத்த நாளில் உலகமே கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கிடைத்தது ஒருவிதக் கூர்மைதான். தட்டு விழுந்தால் நெஞ்சு திடுக்கிட்டது, பேச்சு மங்கலாகவே இருந்தது. உள்ளே பஞ்சு கரைய இன்னும் நாள் எடுக்கும் என்றார்கள். நான்காம் கிழமை காது மறுபடி நசநசத்தது. கிளினிக் வாங்கில் இருந்தபோது கால் நடுங்கியது. சின்னக் கிருமித் தொற்று, ஒட்டு நல்லாக இருக்கிறது என்று பத்து நாளைக்குச் சொட்டு மருந்து தந்தார்கள். அந்த ஒரு வசனத்தை நான் எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிக்கொண்டேனோ தெரியாது.

ஆடி அமாவாசை வந்தது. அப்பாவுக்காக வந்த முதல் ஆடி அமாவாசை. முழுக அனுமதி இல்லை. தம்பி கடலில் இறங்கி முழுகினான், நான் டச்பே கடற்கரை மணலில் கால் மட்டும் நனையுமாறு நின்றேன். கடலை இடப்பக்கமாக வைத்து நின்றிருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அலை கேட்டுக்கொண்டிருந்தது. வலது காதை விரலால் அடைத்துப் பார்த்தேன், அப்போதும் கேட்டது. அப்பாவுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. தண்ணீரில் எள்ளைப் போட்டுவிட்டு அங்கேயே சொன்னேன்.

மூன்றாம் மாத முடிவில் அதே அடைத்த அறை, அதே பொத்தான். இந்த முறை 22 டெசிபல். டொக்டர் நுணுக்குக்காட்டியால் பார்த்து, “முழுசா மூடியிருக்கு” என்றார்.

பாடசாலையில் மேசையை வகுப்பின் நடுவுக்கு மாற்றிப் போட்டேன். இடப்பக்க முதல் வாங்கில் இருக்கும் பையன் மிகவும் மெதுவாகப் பேசுபவன், அவன் கொப்பியைக் காட்டிக் கேட்பதற்கு இப்போது திரும்பாமலே பதில் சொல்கிறேன். தலை முழுகும்போது இன்னும் பஞ்சும் வஸ்லினும்தான். அடுத்த கிளினிக் தை மாதம்.