பாட்டி சொன்ன ‘ஆனா’வும் நான் போட்ட கேப்ஷனும்

நான் பர்மாவுல, யாங்கூன்ல (பழைய ரங்கூன்) ஒரு சின்ன எடிட்டிங் ரூம்ல வேலை பாக்குறேன். கல்யாணம், காதுகுத்து, காளியம்மன் கோயில் திருவிழா, கடை விளம்பரம்னு வர்றத எல்லாம் வெட்டி ஒட்டுறதுதான் பொழப்பு. இருக்குற நாலு பேர்ல தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான், அதுவும் கோயில்ல ஞாயித்துக்கிழமை வகுப்புல உக்காந்து கத்துக்கிட்டது, ல ள ழ மூணும் எனக்கு இன்னைக்கும் லாட்டரிதான். இருந்தாலும் தமிழ் பேச்சு உள்ள ஃபுட்டேஜ் எது வந்தாலும் நேரா என் டேபிளுக்குத்தான் வரும்.

போன மழைக்காலத்துல ஒரு வேலை வந்துச்சு. சிங்கப்பூர்ல செட்டிலான பேரப்புள்ளைங்க, இங்க பெகு பக்கம் இருக்குற அவுங்க பாட்டிய பேச வச்சு ஒரு நாப்பது நிமிஷ படம் பண்ணித் தாங்கன்னு கேட்டாங்க. பாட்டிக்கு எம்பத்தி நாலு வயசு. ரெண்டு கேமரா, தனியா ஒரு சவுண்ட் ரெக்கார்டர், மூணு நாள் ஷூட்டிங், மொத்தம் ஒம்பது மணி நேரப் பேச்சு. தமிழ் கேப்ஷன் ஒண்ணு, பர்மீஸ் கேப்ஷன் ஒண்ணு.

வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு டிரான்ஸ்கிரிப்ட் எடுக்குறதுன்னா கேட்டு டைப் அடிக்கிறதுன்னு நெனப்பு. பாட்டி ஒரு மணி நேரம் பேசினத எழுத எனக்கு ஆறு மணி நேரம் ஆச்சு, சேவல் கூவுற எடத்துல ஏழு. இப்பதான் மெஷின் இருக்கேன்னு ஸயா, அதாவது எங்க மொதலாளி, விஸ்பர்ல போட்டுக் குடுத்தாரு. 2022-ல வந்த, பேச்சக் கேட்டு தானா எழுதுற சாஃப்ட்வேர், இங்கிலீஷுக்கு அருமையா எழுதும், மேடைத் தமிழுக்கும் பரவால்ல. பாட்டி பேசுறது பாதி தஞ்சாவூர் பாதி பர்மீஸ், ‘ஸே’க்குப் போனேம்பாங்க, அது பஜார், மெஷின் ‘சே’ன்னு சலிச்சுக்கிட்ட மாதிரி எழுதி வச்சிருந்துச்சு. அதவிட மோசம், பாட்டி பேசாம இருக்குற எடத்துல மழை சத்தத்தக் கேட்டுட்டு அதுபாட்டுக்கு ‘பார்த்ததற்கு நன்றி’ன்னு போட்டுரும். சும்மா இருக்கத் தெரியாத மெஷின்.

தெருப் பேரு இன்னொரு தலைவலி. பாட்டிக்கு டல்ஹவுசி தெரு, பிரேசர் தெரு, முகல் தெரு. இப்ப அதெல்லாம் மகா பந்துலா, அனோரட்டா, ஷ்வே பொன் தா. தமிழ் கேப்ஷன்ல என்ன சொன்னாங்களோ அதையே எழுதினேன், பர்மீஸ்ல புதுப் பேரு போட்டோம், இல்லன்னா இங்க உள்ள பசங்களுக்கு அது எந்த ஊருன்னே தெரியாது. சரியா தப்பா, எனக்கு இன்னும் முடிவா சொல்லத் தெரியல.

அப்புறம் அந்த நோட்டு விஷயம். ‘நோட்டு செல்லாதுன்னுட்டான் ஆத்தா, பொட்டியோட போச்சு’ன்னு பாட்டி ஒரு எடத்துல சொல்றாங்க, வருஷம் சொல்லல. ஸயா கீழ வருஷம் போடுங்குறாரு. எந்த வருஷம்னு போட? இந்த நாட்டுல 1964-ல அம்பதும் நூறும் செல்லாதுன்னாங்க, 1985-ல ஒரு தடவ, 1987 செப்டம்பர்ல மறுபடியும் ஒரு தடவ. திருப்பித் திருப்பிக் கேட்டதுல கொஞ்சம் தள்ளி ‘முப்பத்தஞ்சு ரூவா நோட்டு’ன்னு ஒரு வார்த்த மாட்டுச்சு (இந்த நாட்டுக் காசுக்குப் பேரு ‘சாட்’, பழைய ஆளுங்க அதையும் ரூவான்னுதான் சொல்லுவாங்க). ரூம்ல புதுசா சேந்த பையன் சிரிக்கிறான், முப்பத்தஞ்சுக்கு எவனாச்சும் நோட்டு அடிப்பானா, மெஷின் ஒளறுதுன்னு. அடிச்சாங்கடா தம்பி. இருபத்தஞ்சு, முப்பத்தஞ்சு, எழுபத்தஞ்சு எல்லாம் இருந்துச்சு, அந்த மூணையும்தான் 87-ல ஒரே நாள்ல செல்லாதுன்னாங்க, அதுக்கப்புறம் வந்தது நாப்பத்தஞ்சும் தொண்ணூறும், ஒம்பதால வகுபடணுமாம். அப்ப பாட்டி சொல்றது 87. மூணு செகண்டு ஓடுற ஒரு வருஷத்துக்கு அரை நாள் போச்சு, எனக்கு அதுல வருத்தமே இல்ல.

என் தப்பு வேற எடத்துல நடந்துச்சு. 64-ல கடைகள அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப பாட்டி வீட்டுக் கடையும் போயிருச்சு, பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா தெனம் சாப்பிடக் கூப்பிடுவாங்களாம். ‘அவுங்க சோறு போட்டுட்டு நிப்பாங்க, எனக்கு ஆனா, பிள்ளைங்கள மட்டும் விட்டுட்டு நான் கெணத்தடில நின்னுக்குவேன்’ இதான் பாட்டி சொன்னது. மெஷின் ‘எனக்கு’ன்னு நிறுத்தி, ‘ஆனா பிள்ளைங்கள மட்டும்’னு அடுத்த வரிய தொடங்கிருச்சு. நானும் அப்படியே விட்டேன். விட்டது மட்டுமா, வரி நீளமா இருக்கேன்னு அந்த ‘ஆனா’வ வேற தூக்கிட்டேன். ம், அது, வந்து, ஆனா இதெல்லாம் எடுத்துட்டு சுத்தமா எழுதுறதுதான் எங்க வழக்கம்.

கண்டுபிடிச்சது யாருன்னா பர்மீஸ் கேப்ஷன் எழுதுற அண்ணன், நாங்க அகோன்னு கூப்புடுவோம், தமிழ்ல வணக்கம் தவிர ஒண்ணும் தெரியாத மனுஷன். என் எழுத்த வச்சுதான் அவரு மொழிபெயர்ப்பாரு, ஆனா காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தான் பண்ணுவாரு. திடீர்னு நிறுத்தி, ‘பாட்டி இங்க ஆனாதேன்னுல்ல சொல்றாங்க, நீ அத எழுதவே இல்லயே’ன்னாரு. எனக்கு சுருக்குன்னுச்சு. நானே நாளைக்குப் பத்து தடவ சொல்ற வார்த்த. பர்மீஸ்ல ஆனான்னா அடுத்தவங்களுக்கு நம்மளால செரமம் ஆயிரக் கூடாதேன்னு மனசுக்குள்ள வர்ற ஒரு தயக்கம், கூச்சமும் இல்ல சங்கடமும் இல்ல, ரெண்டும் கலந்து மேல கொஞ்சம் மரியாத தூவினது. தமிழ்ப் பேச்சுக்கு நடுவுல வந்ததால என் காது அத தமிழாவே கேட்டுருச்சு.

அகோவுக்குப் பிரச்சனையே இல்ல, அவரு அதே வார்த்தைய எழுதிட்டுப் போயிட்டாரு. சிங்கப்பூர் பேரனுக்கு நான் என்ன எழுதுறது? ‘எனக்கு ஆனா’ன்னே போட்டா மெஷின் மாதிரிதான் அவனும் படிப்பான். ‘எனக்குக் கூச்சமா இருக்கும்’னு போட்டா பாட்டிக்கு சோத்துல வெக்கம்னு ஆயிரும். ‘இவுங்களுக்கு எதுக்கு நம்மளால செரமம்னு இருக்கும்’னு எழுதினேன், சரியா வந்துச்சு, ஆனா பாட்டி அந்த எடத்த ரெண்டே செகண்டுல தாண்டிடுறாங்க, அதுக்குள்ள எவனால படிக்க முடியும். கண்ணு கீழயே நின்னுட்டா பாட்டி முகத்த யாரு பாக்குறது.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு, கெணத்தடின்னு சொன்னதும் பாட்டி நாலு செகண்டு பேசாம கைய பாத்துட்டு இருப்பாங்க. மெஷின் நன்றி சொன்னது அங்கதான். எடிட்ல அத ‘டெட் ஏர்’னு வெட்டியாச்சு. ஸயாகிட்ட போயி அந்த நாலு செகண்ட திருப்பிப் போட்டுத் தாங்கன்னேன். படம் லாக் ஆயிருச்சு, இனிமே ஒரு ஃபிரேம் நகராதுன்னாரு. அவரு சொல்றதும் நியாயம்தான், லாக் ஆனதுக்கப்புறம் நாலு செகண்டு நொழஞ்சா அதுக்குப் பின்னாடி உள்ள முன்னூத்திச் சொச்சம் கேப்ஷனும், ரெண்டு மொழிலயும், நாலு செகண்டு முன்னாடி ஓடிரும், மியூசிக்கும் நழுவும். நானே உக்காந்து எல்லாத்தையும் தள்ளித் தர்றேன்னு சொன்னதும் ஒத்துக்கிட்டாரு. சாய்ந்தரம் கரண்ட் போயிருச்சு, பேட்டரில ஓட்டினோம், மானிட்டர் வெளிச்சத்த கொறச்சு வச்சுக்கிட்டு. வரி இப்ப ‘கெணத்தடி’ வரைக்கும் ரெண்டு துண்டா போயி, பாட்டி கைய பாக்குற வரைக்கும் நிக்கிது.

எழுத்துரு சண்ட வழக்கமானதுதான், சுருக்கமா சொல்லிடுறேன். தமிழ ஒட்டினதும் ‘கொ’ல கொம்பு ஒரு பக்கம் காலு ஒரு பக்கம்னு பிச்சுக்கிட்டு நின்னுச்சு, சாஃப்ட்வேர்ல தெற்காசிய டெக்ஸ்ட் எஞ்சினுக்கு மாத்தினதும் சேந்துக்கிச்சு. பர்மீஸ்ல ஊருப் பேரு பட்டியல் ஒண்ணு ஜாஜீங்கற பழைய எழுத்துருல வந்திருந்துச்சு, 2019 அக்டோபர்லயே நாடு யூனிகோடுக்கு மாறிருச்சு, இன்னும் எவனோ அதுலதான் டைப் அடிக்கிறான். பர்மீஸ்ல வார்த்தைக்கு நடுவுல எடம் விட மாட்டாங்கங்கறதால மெஷின் வரிய கண்ட எடத்துல ஒடைக்கும், ஒவ்வொரு வரியையும் அகோ கையாலதான் ஒடச்சாரு.

படத்த பாட்டிக்குக் காட்ட நானும் போயிருந்தேன். லேப்டாப்ப மணைமேல வச்சு போட்டோம். பாட்டிக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது. கொஞ்ச நேரம் பாத்துட்டு, ‘கீழ எறும்பு மாதிரி என்னமோ ஓடுதே, அது என்ன ஆத்தா?’ன்னாங்க.

‘நீங்க பேசுறதத்தான் பாட்டி எழுதிப் போட்டிருக்கோம்.’

‘அதான் வாயால சொல்றேனே, காதுல விழல?’ன்னாங்க. கெணத்தடி எடம் வந்தப்ப பேசாம இருந்தாங்க. முடிஞ்சதும் என்ன சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு புடிச்சுக்கிட்டாங்க, நான் இல்ல பாட்டி வேணாம்னேன், ‘என்னத்துக்கு ஆனா, உக்காரு’ன்னு தட்ட வச்சுட்டாங்க.