ஒரே கொடி, இரண்டு வீடு: ஐரோப்பியப் பண்பாட்டுக் கொள்கையை இணையத்தில் படித்த கதை

முதுகலை ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் கவுன்சில் ஆஃப் யூரோப்பை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஓர் உறுப்பு என்று நினைத்து, அதன் ஆவணங்களை எல்லாம் ஒன்றியத்தின் கணக்கில் எழுதியிருந்தேன். அது 1949இல் பிறந்த தனி அமைப்பு. அதில் 46 நாடுகள், ஒன்றியத்திலோ 27தான். ஒன்றிய நாடுகளின் தலைவர்கள் கூடும் யூரோப்பியன் கவுன்சில் இன்னொன்று. போதாததற்கு, நீலத்தில் 12 நட்சத்திரக் கொடி கவுன்சில் ஆஃப் யூரோப், ஒன்றியம் என இரண்டு வீட்டுக்கும் பொது! எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், இது யாருடையது என்று முதலில் பார்க்கும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

ஒன்றியத்தின் பக்கங்களுக்குப் போகும் முன் ஒன்றியத்தின் செயல்பாடு பற்றிய ஒப்பந்தத்தின் (TFEU) 167ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள். ஒரு பக்கம்கூட வராது. பண்பாட்டில் ஒன்றியம் உறுப்பு நாடுகளுக்குத் துணைநிற்கலாம், அவற்றின் சட்டங்களை ஒரே மாதிரி ஆக்கக் கூடாது என்கிறது அது. சட்டம் போட முடியாததால் பணத்தின் வழியே பேசுகிறார்கள். பண்பாட்டுத் துறைக்கு ஒன்றியம் நிதி தரும் கிரியேட்டிவ் யூரோப் திட்டம் 2021–27க்குச் சுமார் 244 கோடி யூரோ. இது புரியாமல் அந்தத் திட்ட அறிக்கைகளை இரண்டு மாதம் வீணாகப் புரட்டினேன்.

நாடுகளை ஒப்பிட வேண்டுமா? நாடுகளின் பண்பாட்டுக் கொள்கைகளைத் தொகுத்துத் தரும் காம்பெண்டியம் இணையதளம்தான். 1998இல் கவுன்சில் ஆஃப் யூரோப் தொடங்கியது, இப்போது தனிச் சங்கம் நடத்துகிறது. எல்லா நாட்டுக்கும் ஒரே தலைப்பு வரிசை என்பதால் பின்லாந்தையும் இத்தாலியையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். ஆனால் எல்லா நாட்டு அறிக்கையும் ஒரே ஆண்டில் புதுப்பித்தவை அல்ல. ஆண்டைப் பார்க்காமல் நிதி எண்களை ஒப்பிட்டு ஒருமுறை அசடு வழிந்தேன்.

அப்புறம் பண்பாட்டுத் துறையினர் சேர்ந்து நடத்தும் வலையமைப்புகள். 1981இல் இத்தாலியின் போல்வெரிஜி ஊரில் உருவான ஐஇடிஎம் அரங்கக் கலைஞர்களுக்கானது. கல்ச்சர் ஆக்‌ஷன் யூரோப் பண்பாட்டுத் துறைக்காகப் பிரஸ்ஸல்ஸில் வாதாடுவது. அதன் அறிக்கைகளை வாதமாகப் படியுங்கள், தரவாக அல்ல. கூடுதல் நிதி கேட்கும் இவை கிரியேட்டிவ் யூரோப்பிலிருந்தே நிதி பெறுகின்றன. தப்பில்லை, ஆய்வேட்டில் ஒரு வரி சொல்லிவிட்டால் சரி.

இன்னொன்று: நான் மேற்கோள் காட்டிய ஒரு வலைவாசல் வைவாவுக்கு (ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு) முன்பே காணாமல் போனது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதன் நகல் இருந்ததால் தப்பித்தேன். பார்த்த அன்றே பிடிஎஃப் ஆகச் சேமித்து, தேதியைக் கோப்பின் பெயரிலேயே போட்டுவிடுங்கள்.