மார்ச் மாதக் குறிப்புகள்: இருமையும் சக்தியும்

மார்ச் 3, 2025, திங்கள்

விடியற்காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் கவனம் முதலில் மூக்கு நுனிக்குத்தான் போகிறது. இன்று இடது பக்கம் காற்று தாராளமாகப் போய் வந்தது. வலது பக்கம் அடைத்த மாதிரி இருந்தது. சளி எதுவும் இல்லை. வேலைகளை முடித்துவிட்டு மறுபடி கவனித்தபோது இரண்டும் இடம் மாறியிருந்தன. மூக்கின் உட்புறத் திசு ஒரு பக்கம் இரத்தம் நிறைந்து புடைக்கும்போது மறுபக்கம் சுருங்குகிறது. சில மணி நேரத்தில் முறை மாறுகிறது. 1895இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைப் பதிவு செய்தார். நம் யோக மரபு அதற்கு வெகு காலம் முன்பே இடதை இடகலை, சந்திரன் என்றும் வலதைப் பிங்கலை, சூரியன் என்றும் பிரித்து, எது எப்போது ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னது. இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்வி உடம்புக்கு வருவதே இல்லை. மனசுக்குத்தான் வருகிறது.

மார்ச் 6, வியாழன்

மணிக்கட்டில் விரலை வைத்து நிதானமாக மூச்சு விட்டுப் பார்த்தேன். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரைகிறது, விடும்போது தணிகிறது. ஆரோக்கியமான இதயம் இப்படித்தான் இருக்கும். எப்போதும் ஒரே சீராக இருப்பதுதான் அமைதி என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று ஒருவர் என் வேலையைப் பாராட்டிச் செய்தி அனுப்பியிருந்தார். படித்ததும் நெஞ்சில் ஒரு சூடு பரவியது, காது மடல் வரை ஏறியது. போனைக் கீழே வைத்தேன், மறுபடி எடுத்துப் படித்தேன். பிறகு இன்னும் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தது கை.

இன்று காலை வேறொருவரிடமிருந்து கடுமையான வார்த்தை. அதே சூடு, அதே நெஞ்சு. தொண்டை மட்டும் இறுகியது. இந்தச் செய்தியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். பதில் எழுதி அழித்து, எழுதி அழித்து... சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இரண்டு நாளும் நடந்தது ஏறக்குறைய ஒன்றுதான். புகழும் இகழும் என்னை ஒரே கயிற்றால் இழுத்திருக்கின்றன. ஒன்றை இன்பம் என்றும் மற்றதைத் துன்பம் என்றும் அப்புறம்தான் பெயர் வைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

நல்லதைப் பெருக்கிக் கெட்டதைக் குறைத்தால் அதுதானே வளர்ச்சி என்று கேட்கலாம். தொடக்கத்துக்கு அது சரி. ஆனால் வள்ளுவர் ஐந்தாவது குறளிலேயே நல்வினை, தீவினை இரண்டையும் சேர்த்து இருளோடு வைக்கிறார். நல்வினையும் பிறப்புக்குக் காரணமாவதால் இரண்டையும் சொன்னார் என்று பரிமேலழகர் விளக்குகிறார். சைவ சித்தாந்தத்தில் இருவினையொப்பு என்கிற நிலை இருக்கிறது. நல்வினைப் பயனில் விருப்பும் தீவினைப் பயனில் வெறுப்பும் இல்லாமல் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது. மலபரிபாகம் (உயிரைப் பற்றிய மலம் பக்குவப்பட்டு நீங்கும் நிலைக்கு வருவது), சத்திநிபாதம் (இறையருள் உயிரில் பதிவது) பற்றிய பேச்செல்லாம் இதை ஒட்டித்தான் வரும். அருள் பதிய மனம் பக்குவப்பட வேண்டும், அந்தப் பக்குவத்தின் அடையாளம் இந்த ஒப்பு.

ஞாயிற்றுக்கிழமை எனக்குள் நடந்ததை வைத்துப் பார்க்கும்போது இது வெறும் தத்துவமாகத் தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சக்தி பற்றி ஒரு நண்பரோடு நீண்ட பேச்சு. வெப்ப வேறுபாடு இல்லாத இடத்தில் எந்த வெப்ப எந்திரமும் வேலை செய்யாது. பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824இலேயே காட்டியது இது. சூடு மட்டும் இருந்தால் போதாது, பக்கத்தில் குளிர்ச்சியும் வேண்டும். இயற்பியலின் ஆற்றலையும் சிவ சக்தியையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது, அப்படிக் குழப்பும் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் முரண்களே இல்லாத ஒரு மனத்துக்கு ஏங்குவதை இந்த உண்மை கொஞ்சம் குறைக்கிறது. கோபமும் கனிவும் எனக்குள் உரசுகிற இடத்தில்தான் எழுந்து ஏதாவது செய்கிற உந்துதலே பிறக்கிறது.

மார்ச் 20, வியாழன்

இன்று சம இரவு நாள். பகலும் இரவும் சமம் என்று சொல்கிறோம், உண்மையில் பகல் சில நிமிடங்கள் கூடுதல். சூரியன் புள்ளி இல்லை, வட்டம். அதன் மேல் விளிம்பு தெரிந்ததுமே உதயம், அது மறைந்தால்தான் அஸ்தமனம். காற்று மண்டலமும் ஒளியை வளைத்துக் கொஞ்சம் நேரம் சேர்த்துக் கொடுக்கிறது. சமநிலை என்று தராசு பிடித்துக்கொண்டு திரிபவர்களுக்கு வானம்கூடத் துல்லியமாக எடை போட்டுத் தருவதில்லை.

மார்ச் 22, சனி

பதின்மூன்றாம் தேதிக் குறிப்பைப் படித்த நண்பர் கேட்டார்: "எல்லாம் ஒன்றுதான் என்றால் அநியாயத்தையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதானா?" நல்ல கேள்வி. இரண்டு நாளாக அதே யோசனை.

எனக்கு அப்பர் நினைவுதான் வருகிறது. திருப்புகலூரில் அவர் உழவாரம் செய்த இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தன. கல்லோடு கல்லாக அவற்றையும் உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். அதே அப்பர்தான் பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அழைத்தபோது, நாம் யாருக்கும் குடியல்லோம் என்று நிமிர்ந்து நின்றவர். பொன்னும் கல்லும் ஒன்றாகத் தெரிந்த மனிதருக்கு அரசனிடம் இழக்க ஒன்றும் இல்லை, அதனால்தான் பேச முடிந்தது. ஒப்பு என்பது எனக்கு வந்து சேர்வதைப் பற்றியது. அடுத்தவருக்கு இழைக்கப்படும் கொடுமைக்கு அதைச் சாக்காகக் காட்டினால் அது ஒப்பு ஆகாது, அலட்சியம்.

கூட வேலை செய்யும் ஒருவர் மேல் தவறாகப் பழி விழுந்திருக்கிறது. திங்கட்கிழமை அதைப் பற்றிக் கூட்டம். பேசினால் சிலருக்கு என்னைப் பிடிக்காமல் போகும், சிலர் பாராட்டுவார்கள். பேசப் போகிறேன்.