காது லேயர்

பணம் கொடுப்பவர் சொல்கிறபடிதான் படம் செய்ய வேண்டும். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் என்றால் இதில் இன்னும் கறார். ஒன்றரை மணி நேரத்தில் துக்க வீட்டு வாசலில் போர்டு நிற்க வேண்டும், நாலு பேரிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அன்று நான் செய்தது சரிதான். மூன்று வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரி என்றால் எதற்கு இத்தனை முறை சொல்ல வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

அந்தப் பையன் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டான். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறவன் மாதிரி இருந்தான். பழைய பிரிண்ட் ஒன்றைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். தாத்தா முண்டா பனியனில் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார், மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. தோளில் ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்து அவர் காதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. பிள்ளையின் முகம் பாதிதான் படத்தில் விழுந்திருந்தது.

“இது யாரு தம்பி?”

“நாந்தாண்ணே.”

வேறு படம் இல்லையா என்று கேட்டேன். ஆதார் கார்டைக் காட்டினான். ஆதார் படத்தில் யார்தான் அவரவர் மாதிரி இருக்கிறார்கள்? தேதியை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். தோற்றம்: 01.01.1945. இந்தத் தொழிலில் இருந்து பார்த்தால், அந்தத் தலைமுறையில் பாதி ஊர் ஜனவரி 1இல்தான் பிறந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போனவர்கள் என்றால் மே, ஜூன்; சேர்க்கும்போது வாத்தியார் வயதைக் கணக்குப் பார்த்து எழுதியது. “சுதந்திரம் கெடச்சப்ப அம்மா இடுப்புல இருந்தேன்னு சொல்வாருண்ணே” என்றான். அப்படியானால் வருடமாவது சரியாக இருக்கும்.

கழுத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போது அவனாகவே பேச ஆரம்பித்தான். தாத்தா விருதுநகரில் வத்தல் கமிஷன் கடையில் மூட்டை தூக்கியவர். இடுப்பில் கொக்கி, தலையில் துண்டு. மூட்டை தூக்கிய தோளில் சட்டை பட்டால் அரிக்கிறது என்று கல்யாண வீட்டுக்குக் கூடத் துண்டோடுதான் போவாராம். வத்தல் லோடு இறக்கிய அன்று குளித்து முடிக்கும்வரை பேரனைத் தொட விடமாட்டார். கையை எத்தனை முறை கழுவினாலும் காரம் போகாது, பிள்ளை கண்ணில் பட்டுவிடும் என்று திண்ணையில் தள்ளி உட்கார்ந்துகொண்டே கதை சொல்வாராம். குளித்துவிட்டு வந்ததும் முதல் வேலை, இவனைத் தோளில் ஏற்றுவது.

நான் “உம்” கொட்டிக்கொண்டே வேலையைப் பார்த்தேன். கேட்டேனா என்றால், கேட்டேன். இல்லாவிட்டால் இத்தனை நினைவிருக்குமா?

அதற்குள் அவனுடைய பெரியப்பா போன் செய்தார். பணம் அனுப்பியது அவர்தான். “தம்பி, பனியனோட போட்றாதீங்க. ஊரெல்லாம் வரும். வெள்ளைச் சட்டை போட்டு, வாயை மூடி, கொஞ்சம் லட்சணமா பண்ணுங்க.” எங்களிடம் ரெடிமேடாக ‘பாடி’ உண்டு. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கழுத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது. எத்தனையோ தலைகளை அதில் வைத்திருக்கிறேன். இதையும் வைத்தேன். உதட்டைச் சேர்த்தேன். திருநீறு பூசினேன். தோளில் இருந்த பிள்ளை தானாகவே போய்விட்டது.

விரல்கள் மட்டும் மிச்சம். காதைச் சுற்றி நான்கு சின்ன விரல்கள்.

பையன் திரையைப் பார்த்தான். “என்னை எடுத்துட்டீங்களாண்ணே?” என்றான். கோபமாக இல்லை. அப்புறம், “விரலை மட்டும் விட்டுருங்கண்ணே. யாருக்கும் தெரியாது.”

“அசிங்கமா இருக்கும் தம்பி” என்றேன்.

அந்தச் சொல் வேண்டியிருக்கவில்லை. ‘உங்க பெரியப்பாகிட்ட கேட்டுட்டு வா’ என்று சொல்லியிருக்கலாம். ஆறுக்கு நாலு அடி போர்டில் காதோரம் விரல்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்கள் என்னைத்தான் கேட்பார்கள் என்பதும் உண்மை. இன்னொரு காதை எடுத்துத் திருப்பிப் போட்டு மூடினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து மறுபடி போன்: நெய்ப்பந்தம் பிடிக்க மூத்த பேரன் வேண்டும், சீக்கிரம் வா என்று. போர்டைச் சுருட்டி பைக்கின் குறுக்கே வைத்துக்கொண்டு போனான்.

பதினாறாம் நாள் கார்டு அடிக்கப் பெரியப்பாவே வந்தார். “படம் ரொம்ப நல்லாருந்துச்சு தம்பி. அப்பா மாதிரியே இல்ல, ஆனா நல்லாருந்துச்சு” என்றார். அதே படத்தை பிரேம் போடவும் வாங்கிக்கொண்டார். இனி அந்த வீட்டில் பிறக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் தாத்தா.

அதில் என்ன தப்பு? எங்கள் வீட்டில் என் தாத்தா கோட் போட்டுக்கொண்டு இருக்கிறார். வாழ்நாளில் அவர் கோட்டைத் தொட்டதில்லை; ஸ்டூடியோக்காரர் மாட்டி விட்டது. எனக்குத் தாத்தா என்றால் அந்தக் கோட்தான். அதற்காக ஸ்டூடியோக்காரரை நான் திட்டியதில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்கு அடியில் என்ன சட்டை இருந்தது, இல்லை சட்டையே இருந்ததா என்று இப்போது நினைக்கிறேன். கேட்க ஆள் இல்லை.

கடையில் புதிதாகச் சேர்ந்த பையனிடம், படம் கொண்டுவருகிறவரிடமும் ஒரு வார்த்தை கேளு என்று சொல்லியிருக்கிறேன். அவன் கேட்கிறான். ஒவ்வொரு போர்டும் அரை மணி நேரம் தாமதமாகிறது, நான் சத்தம் போடுகிறேன்.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு வேறு யாரோ வந்தார்கள். அதே படம், தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். ஃபைலைத் திறந்தேன். காது தனி லேயரில், அதாவது படத்தின் மேல் வைத்த தனி அடுக்கில் இருந்தது. ஒரிஜினலை அழிக்காமல் அடியில் வைத்திருப்பது என் தொழில் பழக்கம், வேறு காரணம் ஒன்றும் இல்லை. அந்த லேயரை ஒருமுறை அணைத்துப் பார்த்தேன். நான்கு விரல்களும் இருந்தன. நகத்தில் மருதாணி கூட இருந்தது, அன்றைக்குக் கவனிக்கவில்லை.

வந்தவர் மணியைப் பார்த்தார். காதைத் திரும்பப் போட்டு பிரிண்டுக்கு அனுப்பினேன்.