எண் இல்லாத வோலார்

லண்டனில் ஒரு சின்ன ஏலக் கம்பெனியின் அச்சுப்படப் பிரிவில் நான் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வயதான ஓர் அம்மா துணிப்பையில் ஒரு படத்தைப் பிரேமோடு கொண்டுவந்தார். காலமான கணவர் எப்போதோ வாங்கியதாம், ரசீதெல்லாம் கிடையாது. மூன்று நாள் கழித்துப் பதில் சொல்கிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிக்காசோ 1937ல் செப்புத் தகட்டில் போட்ட, ஓவிய வியாபாரி அம்ப்ருவாஸ் வோலாரின் உருவப்படம் அது. தகட்டுக்கு மை தடவித் தாளில் அழுத்தி எடுப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். அசலா, பின்னால் வந்த நகலா என்பதுதான் கேள்வி. நான் நேராகக் கீழ் ஓரத்துக்குப் போனேன். கையெழுத்து இல்லை, 12/75 என்கிற மாதிரி பென்சில் எண்ணும் இல்லை. இத்தனை பிரதிதான் என்று கணக்கு வைத்து அச்சடித்தால் எண் போட்டுத்தானே ஆகவேண்டும் என்று நானே முடிவு கட்டி, 'நகல், அலங்கார மதிப்பு மட்டும்' என்று சீட்டில் எழுதிவிட்டேன். ஐந்து நிமிட வேலை.

சீட்டில் கையெழுத்துப் போடவேண்டிய எங்கள் பிரிவுத் தலைவி ஒன்றே ஒன்று கேட்டார்: "பிரேமிலிருந்து எடுத்துப் பார்த்தாயா?"

எடுக்கவில்லை.

பின்பக்கத்து டேப்பைக் கீறி, அட்டையைக் கழற்றித் தாளை மேசையில் கிடத்தினோம். தகடு அழுந்திய பள்ளம் நாலு பக்கமும் தெளிவாக இருந்தது. ஆனால் அதைப் போலியாகவும் அழுத்திவிடலாம் என்பதால் பூதக்கண்ணாடியை வைத்தோம். ஆஃப்செட் நகலாக இருந்தால் கோடு புள்ளிபுள்ளியாக உடைந்து தெரியும். இதில் உடையாத கோடு, பக்கவாட்டு வெளிச்சத்தில் மை தாளுக்கு மேலே துளி எழும்பி நின்றது. அப்புறம் தாளைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தார். ரூபாய் நோட்டில் காந்தி தெரிவது போல, தாளுக்குள்ளே எழுத்துகள் தெரிந்தன: வோலார்.

விஷயம் இதுதான். வோலார் பாரிஸின் பெரிய ஓவிய வியாபாரி, 1901ல் பிக்காசோவுக்கு அந்த ஊரில் முதல் கண்காட்சி வைத்தவர். அவருக்காக பிக்காசோ செய்த நூறு தகடுகளை 1939ல் லாகூரியேர் என்ற அச்சுக்காரர் மோன்வால் என்ற ரகத் தாளில் அடித்தார். சின்னத் தாளில் 260, அகலத் தாளில் 50, தோலில் 3. சின்னத் தாளில் வாட்டர்மார்க்காக வோலார் பெயரோ பிக்காசோ பெயரோ இருக்கும். அதே வருடம் வோலார் கார் விபத்தில் போய்விட, அச்சடித்த இருப்பில் பெரும்பகுதி இன்னொரு வியாபாரியிடம் போனது. பிக்காசோ கையெழுத்துப் போட்டதெல்லாம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அதனால் கையெழுத்தில்லாத அசல் தாள்களும் உண்டு. அந்த 260 பிரதிகளுக்கு வரிசை எண்ணே போடவில்லை! நான் இல்லை என்று தள்ளிய எண், இருந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் மியூசியம் 2011ல் முழுத் தொகுப்பையும் வாங்கியிருந்தது. அங்கே முன்பதிவு செய்துவிட்டு அளவுகளோடும் படங்களோடும் போய் ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தியது. மறுநாள் விலைக்கு வந்தோம். ஓரங்களை யாரும் வெட்டவில்லை, அது பெரிய நிம்மதி. மலிவு அட்டையின் அமிலம் படத்தைச் சுற்றிப் பழுப்பாகச் சட்டம் போட்டிருந்தது, மேலே இரண்டு இடத்தில் டேப் கறை. கையெழுத்தும் இல்லையே என்று நான் இழுத்தபோது தலைவி, "அதற்கு விலையைக் குறை, ஆனால் வருத்தப்படாதே, இருந்திருந்தால் அது உண்மையா என்று இன்னொரு வாரம் உட்கார்ந்திருப்போம்" என்றார். இந்தத் தொகுப்பில் காளைத் தலை மனிதனான மினோட்டார் படங்களுக்கு இருக்கிற கிராக்கி இந்தக் கிழவருக்குக் கிடையாது, அதையும் கணக்கில் எடுத்தோம். எனக்கென்னவோ இவரைத்தான் பிடிக்கும்.

அந்த அம்மாவைக் கூப்பிட்டு மதிப்பைச் சொன்னேன். கிழித்துப்போட்ட சீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. கையெழுத்து இருந்தால் எவ்வளவு போகும் என்று கேட்டார், சொன்னேன்.

"பாருங்கள், அந்த மனுஷன் எதிலும் மலிவாகத்தான் வாங்குவார்" என்றார்.