தண்ணீர் ஓடியதா?

"தண்ணி ஓடுச்சா, சிஸ்டர்?" என்று, நான் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தையின் பாட்டி கேட்டதும், "ஓடியது பாட்டி" என்று நான் சொன்னதும் இரண்டு நொடியில் முடிந்துபோன பேச்சு. நான் சொன்னது முழு உண்மை. ஆனாலும் அந்த ஒரு சொல் அடுத்த நிமிடமே எதற்குப் பயன்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம், வேறு விதமாகச் சொல்லியிருக்கலாமோ என்று மனம் அங்கேயே போய் நிற்கிறது.

அது 26 வாரத்தில் பிறந்த ஆண் குழந்தை. நுரையீரலில் இரத்தம் கசியத் தொடங்கியதும் டாக்டர் தகப்பனிடம் நிலைமையைச் சொல்லிவிட்டார். அவர் தங்கள் கோவிலின் பங்குச் சாமியாரை அழைத்துவர ஓடினார். தாய் சிசேரியன் முடிந்து கீழ்த்தளத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். யாராவது என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள் என்று அவள் போனில் கெஞ்சியபோது, அந்த ஷிப்டில் கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை. நர்ஸான நான் இந்து, கான்வென்ட்டில் படித்ததால் சொல்ல வேண்டிய வார்த்தைகள் எனக்குத் தெரியும். சாகும் தறுவாயில் இருக்கும் குழந்தைக்கு, திருச்சபை செய்ய நினைப்பதைச் செய்யும் எண்ணத்தோடு யார் வேண்டுமானாலும், திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவர்கூட, அதைக் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கச் சட்டம்.

ஸ்டெரைல் வாட்டரைச் சிரிஞ்சில் எடுத்து, குளிர்ச்சி தட்டாமலிருக்க வார்மரின் அடியில் சற்று வைத்திருந்தேன். வென்டிலேட்டர் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரி அசையாதபடி தொப்பியை மேலே ஒதுக்கி, தாய் சொன்ன பெயரைச் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே" என்று மூன்று முறை நெற்றியில் விட்டேன். தண்ணீர் நெற்றிப்பொட்டில் இறங்கிக் காதோரமாக வழிந்து, விரிப்பில் சிறிதளவு ஈரமாயிற்று. சாமியார் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தாயின் கட்டிலருகே பாட்டி அதைச் சும்மா கேட்கவில்லை. தண்ணீர் தலையில் ஓட வேண்டும், பட்டால் மட்டும் போதாது என்பது அவர் சிறுவயதில் படித்த மறைக்கல்வி. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, திருமுழுக்குப் பெறாதவர்களுக்குத் திருச்சபை முறைப்படி அடக்கம் கிடையாது. கல்லறைத் தோட்டத்தின் மந்திரித்த மண் அந்தக் குழந்தைகளுக்கு இல்லை. 1983-இல் வந்த புதிய சட்டம் பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்த குழந்தைக்கு ஆயரின் (பிஷப்பின்) அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம் என்கிறது. பாட்டியின் பயமோ அதற்கும் முந்தையது. அந்தப் பயத்தை என் பதில் ஒரே அடியில் போக்கிவிட்டது. உடனே அவர் மருமகளின் பக்கம் திரும்பி, "கேட்டியாம்மா? ஒம் புள்ள இப்ப சம்மனசு. சம்மனசுக்கு அழக் கூடாது" என்றார். சம்மனசு என்றால் வானதூதர்.

அழ வாயெடுத்திருந்த அந்தப் பெண் அப்படியே அடங்கிப்போனாள்.

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன் பிறந்த ஒரு குழந்தை சில நாட்களில் இறந்துபோனது. பால்குடிக் குழந்தைகளை எரிப்பதில்லை என்பதால் தோட்டத்தில் புதைத்தார்கள். திதி கிடையாது, பெயர் வைக்கவில்லை, போட்டோவும் இல்லை; "தங்க வரவில்லை" என்ற இரண்டு சொல்லோடு சரி. அழக் கூடாது என்று என் அம்மாவிடம் யாரும் சொல்லவில்லைதான், ஆனால் யாரை நினைத்து அழுவது என்பதற்கு ஒரு பெயரைக்கூட அவருக்கு விட்டுவைக்கவில்லை. இந்தத் தாய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, பங்குப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது, நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுதிரியும் கொண்டுபோக ஓர் இடம் இருக்கிறது. இவ்வளவையும் கொடுத்த நம்பிக்கையின்மேல், நடுவில் நுழைந்த நான் எந்த உரிமையில் கேள்வி எழுப்புவது?

அப்படித்தான் என்னைச் சமாதானம் செய்துகொள்கிறேன். அந்தச் சமாதானம் நிலைப்பதில்லை. இறந்துபோன நண்பன் லாசரை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் அவன் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார் என்பது யோவான் நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பள்ளியில் அதை ஒப்பித்திருக்கிறேன். "ஓடியது பாட்டி, ஆனாலும் அவங்க அழட்டும்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் அவர்கள் வேதத்தையே எடுத்து அவர்களுக்குப் போதிப்பது ஒரு நர்ஸின் வேலையா என்ற தயக்கமும் பொய்யில்லை. பிறகு சாமியாரிடம் கேட்டேன். திருமுழுக்கு இல்லாமல் இறக்கும் குழந்தைகளுக்கும் மீட்பு உண்டென்று நம்ப இடமிருப்பதாக வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு 2007-இல் வெளியிட்ட ஆவணம் சொல்வதை விளக்கினார். நான் தண்ணீர் விட்டிருக்காவிட்டாலும் அந்தக் குழந்தையைத் திருச்சபை கடவுளின் இரக்கத்தில்தான் ஒப்படைத்திருக்கும் என்றார். இதைப் பாட்டியிடம் சொல்லியிருக்கலாமே என்று அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அடக்கத்தின்போது சொன்னாரோ என்னவோ, நான் போகவில்லை.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு அவளுக்கு மார்பு கல்லாகிவிட்டது. சுடுநீரில் நனைத்த துணியை வைத்து, வலி குறையும் அளவுக்கு மட்டும் நான் பாலைப் பீய்ச்சி எடுத்தபோது அது என் விரல்களில் வழிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பாலுக்காவது அழலாமா, சிஸ்டர்?" என்றாள். அழலாம் என்றேன். அழுதாள், ஒரு கண் கதவின்மேல் இருக்க.

அடுத்த பிரசவத்துக்கு அவள் எங்கள் மருத்துவமனைக்கே வந்தாள். என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீங்க ஓடலன்னு சொல்லியிருந்தா நான் செத்தே போயிருப்பேன்" என்றாள். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளத்தான் விரும்புகிறேன். ஆனால் அதைச் சொன்னபோது அவளுடைய மாமியார் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.