மாதபா நாட்குறிப்பு: தரையில் பதிந்த பெயர்கள்

அக்டோபர் 14

ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து மாதபா 30 கிலோமீட்டர்தான். பையை அறையில் போட்டுவிட்டு நேரே புனித ஜார்ஜ் தேவாலயத்துக்குப் போனேன். கெராக்கிலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்கள், பைசாந்திய காலத்துக் கோயிலின் இடிபாட்டின்மேல் 1896-ல் கட்டியது. அந்த இடிபாட்டில்தான், சிறு நிறக்கற்களைத் தரையில் பதித்துச் செய்த மொசைக் வரைபடம் கிடைத்தது. ஆறாம் நூற்றாண்டு வேலை. புனித நிலத்தைக் காட்டும் வரைபடங்களில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் இதுவே மிகப் பழையது.

இதில் மேல்பக்கம் கிழக்கு. பீடத்தைப் பார்த்து நின்றால் ஊர்களெல்லாம் அதனதன் திசையிலேயே கிடக்கின்றன. நீள்வட்டமாக ஜெருசலேம்: வாசல், அதன் உள்ளே ஒற்றைத் தூண், இருபுறமும் தூண்வரிசையோடு பெரிய வீதி. 542-ல் அர்ப்பணிக்கப்பட்ட நேயா தேவாலயமும் இருக்கிறது. 1970களில் ஜெருசலேமில் தோண்டியபோது அந்தக் கோயிலும் வீதியின் தென்பகுதியும் படத்தில் இருந்தபடியே வெளிப்பட்டன. அத்தனை நம்பகமான கை!

யோர்தான் ஆற்று மீன் ஒன்று, சாக்கடலின் உப்புக்கு அஞ்சி எதிர்நீச்சல் போட்டுத் திரும்புகிறது. கரையில் ஒரு மான் ஓடுகிறது. துரத்தும் சிங்கத்தில் பின்பக்கம் மட்டுமே மிச்சம், மீதி கலைந்த கற்கள். படகோட்டிகளும் அப்படித்தான். எட்டாம் நூற்றாண்டில் உயிருள்ளவற்றின் உருவங்களை அகற்றியிருக்கிறார்கள். ஆனால் கொத்திப் பாழாக்கவில்லை. கற்களைப் பெயர்த்து, கலைத்து, திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பொறுமையைப் பார்த்து நெஞ்சு கனத்தது.

இவ்வளவும் செய்தவர் யார்? எஞ்சிய பகுதியில் எங்கும் பெயர் இல்லை.

அக்டோபர் 15

அப்போஸ்தலர் தேவாலயம், 578. நடு வட்டத்தில் அலைகளிலிருந்து எழும் கடல் மங்கை, சுற்றிலும் மீன்கள். அவளைச் சூழ்ந்து ஓடும் கிரேக்க வரி, வானையும் பூமியையும் படைத்தவனிடம் சிலருக்கு வாழ்வு கேட்கிறது. அதே வரியில் மொசைக் கலைஞர் சலமானியோஸின் பெயரும் இருக்கிறது. நேற்று தேடியது இன்று கிடைத்துவிட்டது. தொல்லியல் பூங்காவுக்கு மாலையில் போனேன், ஆனால் மனம் சலமானியோஸை விட்டு வரவில்லை.

அக்டோபர் 16

நெபோ மலைக்குப் போகிற வழி நெடுகப் பட்டறைகள். ஒன்றில் இறங்கினேன். நீளக் கற்குச்சியைக் குறடால் நறுக்கி நறுக்கிச் சதுரமாக்குகிறார்கள். சாயம் கிடையாது, எல்லாம் கல்லின் சொந்த நிறம். துணியில் வரைந்த படத்தின்மேல் மாவுப்பசை தடவி ஒவ்வொரு கல்லாக ஒட்டி, பின்புறம் சிமெண்ட் ஊற்றி, காய்ந்ததும் திருப்பித் துணியை உரிக்க வேண்டும். அதாவது, செய்கிறவர் முகப்பைக் கடைசியில்தான் பார்ப்பார். மரம் ஒன்றின் படத்தைக் கல்லில் செய்துகொண்டிருந்த பெண் ஓர் இலைக்கு மட்டும் நான்கு விதப் பச்சையைப் பொறுக்கி வைத்திருந்தார். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

நெபோ மலைத் தேவாலயத்தில் 530 வாக்கில் போட்ட மொசைக் தளம்: வேட்டை, மேய்ச்சல், தீக்கோழியை நடத்திப் போகும் ஆள், புள்ளி போட்ட ஒட்டகம் ஒன்று (ஒட்டகச்சிவிங்கியாகத்தான் இருக்க வேண்டும்). சொயேலோஸ், கையோமோஸ், எலியாஸ் என்று மூன்று கலைஞர்களின் பெயர்களைக் குடும்பத்தாரோடு சேர்த்து நினைவுகூரும் வேண்டுதலும் தரையிலேயே இருக்கிறது. இங்கே ஆய்வு செய்து, மாதபாவில் மொசைக் பள்ளி உருவாகவும் காரணமாக இருந்த பாதிரியார் மிகேலே பிச்சிரில்லோ 2008-ல் மறைந்தார். அடக்கமானதும் இந்த மலையில்தான்.

அக்டோபர் 17

உம் அர்-ரசாஸ். 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். வெயிலில் இடிபாடுகளைத் தாண்டிப் போனால், கூரைக்கு அடியில் புனித ஸ்தேவான் தேவாலயத் தரை. ஓரத்தில் யோர்தானின் இருகரை நகரங்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் மதிலும் கோபுரமுமாய். இது இஸ்லாமிய ஆட்சி வந்து நூறாண்டு கடந்த பிறகும் வேலை நடந்த கோயில். அதை அறிந்து பார்க்கும்போது தரையின் மதிப்பே வேறு.

பணம் கொடுத்தவர்களின் உருவங்கள் இங்கும் கலைக்கப்பட்டுள்ளன. பெயர்களில் யாரும் கை வைக்கவில்லை. எஸ்புஸ் ஊர் சாதாவின் மகன் ஸ்தாவ்ராகியோஸ் என்ற கலைஞரின் பெயரும், கூட வேலை செய்த யூரெமியோஸின் பெயரும் ஒரு கல் பிசகாமல் இருக்கின்றன. இரண்டையும் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன்.